கோமதி ஓட்டிய டீசல் வண்டி

மலேசியாவில் எங்கள் கிள்ளான் அம்மன் கோயிலுக்குக் காஞ்சிப் பட்டு எடுத்து வர ஓர் ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, குழுவில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என் பக்தியைப் பார்த்து அல்ல. சித்தப்பா மகள் கோமதி காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தவிர, நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அம்மனுக்கு என்ன நிறம், கரை எவ்வளவு அகலம் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

சென்னை விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்தவர் கோமதியின் கணவர் தணிகாசலம். இரண்டு வருடமாக அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒரே காரின் படங்கள்தான். முன்னால் நின்று, பக்கத்தில் நின்று, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து. பெரிய டீசல் கார், சென்னையில் யாரிடமோ வாங்கியது. வெளியே வந்ததும் என் கண்கள் அதைத்தான் தேடின. தணிகாசலமோ வலது கை மாவுக்கட்டில் தொங்க, இடது கையால் என் பெட்டியை இழுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம் இருக்கிறது அண்ணி என்றார்.

மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். வீட்டில் இரண்டு தறி. தம்பியின் தறி ஓடுகிறது, இவருடையது நிற்கிறது. கார் ஓட்டவும் முடியாது. கை முறிந்தாலும் வாய் முறியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை கூட்டத்தில் நின்றபடியே தன் காரின் டார்க் எவ்வளவு, அது எத்தனையாவது சுற்றில் கிடைக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"பவருன்றது பேச்சு அண்ணி. டார்க்குன்றதுதான் செயலு" என்றார்.

அருகில் முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, அந்தச் செயல் இப்போது எங்கே நிற்கிறது என்று விசாரித்தார். வீட்டு வாசலில் என்று தணிகாசலம் சொன்னார். பிறகு காஞ்சிபுரம் வரும்வரை வானிலை பற்றித்தான் பேசினார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. என் பேருந்தும் டீசல்தான். வண்டி நிறையப் பிள்ளைகளோடு மேட்டில் நின்று கிளம்பும்போது கைகொடுப்பது டார்க். சக்கரத்தை முறுக்கித் திருப்புகிற வலு அது. அந்த வலுவை எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பத் தர முடிகிறது என்பதுதான் பவர். பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் வேகமாகச் சுற்றினால்தான் முழு வலுவையும் காட்டும். டீசல் மெதுவாகச் சுற்றும்போதே காட்டிவிடும். சுமை இழுக்க ஏற்றது. சின்ன காஞ்சிபுரத்தில் பால் வாங்கப் போக அவ்வளவு தேவையில்லை.

ஆனால் தணிகாசலத்தின் கார் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. வீடு வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில். அங்கிருந்து காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளுக்குப் போய்த் திரும்புவதுதான் அதன் வாழ்க்கை. வழியில் சுற்றுலாப் பேருந்து, ஷேர் ஆட்டோ, நடுவில் படுத்து அசை போடும் மாடு. மூன்றாம் கியரை அந்த வண்டி கடையடைப்பு நாளில்கூடப் பார்த்திருக்காது.

மறுநாள் காலை கோமதி கோயில் இட்லி வைத்தாள். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட மாவை ஊற்றி, வெகுநேரம் வேகவைப்பது. வெந்ததும் குடலையைக் கவிழ்த்தால் தூண் மாதிரி நிற்கும். வட்ட வட்டமாக வெட்டுவார்கள். எங்கள் ஊரில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் சோற்றுக்கு முன்னால் வாழை இலையின் வாசம் வரும். இங்கே மந்தாரை. இரண்டு துண்டோடு நிறுத்தலாம் என்று நினைத்தேன். கோமதி நான் நினைத்ததைக் கேட்கவில்லை.

அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவள்தான் இந்த இட்லி செய்து தருகிறாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்த நாள்தோறும் காலைப் பந்திக்கு இட்லி தர முடியுமா என்று கேட்டிருக்கிறது. சூட்டோடு கொண்டு சேர்க்க வேண்டும். எப்படிக் கொண்டு போவாய் என்று கேட்டேன். அவள் வாசலில் உறை போர்த்தி நின்ற காரைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, தன்னிடம் லைசென்ஸ் இருப்பதாகவும், பயிற்சிப் பள்ளியில் சின்னப் பெட்ரோல் காரில் ஓட்டி வாங்கியதாகவும், அதற்குப் பிறகு அந்த அட்டை பீரோவை விட்டு வெளியே வந்ததில்லை என்றும் சொன்னாள். இந்த வண்டி உனக்கு வெயிட்டு, தாங்க மாட்டாய் என்பது தணிகாசலத்தின் தீர்ப்பு.

இப்போது அவர் வண்டியை விற்கப் போகிறார். ஒன்று, கை குணமாகும்வரை ஓட்ட முடியாது. இரண்டு, முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தடவை கொண்டுபோனபோதும் ஹைவேயில் ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். தன்னைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்று தணிகாசலம் எடுத்துக்கொண்டார்.

உறையைத் தூக்கி உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் சொன்னது சரிதான். இப்போது வரும் டீசல் கார்களின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓடி, புகை நன்றாகச் சூடேறினால், பிடித்த கரியை அதுவே எரித்துச் சாம்பலாக்கிவிடும். ஊருக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தால் சூடு ஏறாது. கரி சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பு முற்றினால் வண்டி வேகம் எடுக்க மறுக்கும். இதைச் சொன்னதும் தணிகாசலத்தின் முகம் தெளிந்தது. அப்படியென்றால் நீங்களே ஓட்டிவிடுங்கள் அண்ணி என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டை எடுத்து வைத்தேன்; கிள்ளானில் சாப்பாட்டு மேசை மேல் எடுத்து வைத்தேன். அது அங்கேயே இருந்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவள், அனுமதி இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்றேன்.

கோமதி உள்ளே போய் பீரோவைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். கோமதி ஓட்ட, நான் பக்கத்தில். தணிகாசலம் பின்னால், மாவுக்கட்டுக் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு. பின் சீட்டில் இல்லாத பிரேக்கை அவர் வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தார்.

தெருவை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கோமதிக்கு ஓர் ஆச்சரியம். முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுக்கச் சொன்னேன். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம் என்றேன். வண்டி தானாக நகர்ந்தது.

"அக்கா, நான் மிதிக்கவே இல்ல. அதுவா போய்க்கினு இருக்குது" என்றாள்.

பயிற்சிப் பள்ளிக் கார் அவளுக்கு ஒவ்வொரு சிக்னலிலும் அணைந்து போகுமாம். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க இன்னும் அணையுமாம். இந்த இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே வலு வைத்திருப்பதால் புதியவள் காலுக்கும் கோபித்துக்கொள்ளவில்லை. வெயிட்டான வண்டி என்று இத்தனை நாள் அவளிடமிருந்து ஒதுக்கி வைத்ததுதான் அவளுக்கு எளிதாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தணிகாசலம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழம்பி தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் இன்னொரு பாடம். கோமதி மிதித்தாள், வண்டி கொஞ்சம் யோசித்தது. போதவில்லை என்று இன்னும் மிதித்தாள். இன்ஜினுக்குள் காற்றை அடித்துத் தள்ளும் டர்போ விழித்துக்கொண்ட கணத்தில் மூவரும் சீட்டோடு ஒட்டினோம். பின்னாலிருந்து யாரோ தள்ளின மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் அவள் சொன்னது ஏகாம்பரநாதா என்பது மட்டும்தான். மிதிப்பதற்கும் பாய்வதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதை எதிர்பார்த்து முன்னாலேயே மெல்ல மிதி என்றேன். பாலுசெட்டி சத்திரம் வருவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

திருப்புட்குழியைத் தாண்டி, தாமல் ஏரியைத் தாண்டி, ஒரே சீராக ஓட்டச் சொன்னேன். தணிகாசலம் பின்னாலிருந்து எட்டி எட்டி அந்த மஞ்சள் விளக்கையே பார்த்தார். ஓச்சேரி நெருங்கும்போது அது அணைந்தது. கோமதி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கை தட்டப் போனாள். நான் தடுத்தேன்.

திரும்பும் வழியில் திருப்புட்குழிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே டீ குடித்தோம். எங்கள் ஊரில் தே தாரேக் என்கிற பால் டீயை ஆற்றி ஆற்றி நுரை எழுப்புவார்கள்; இங்கே நுரை இருந்தது, டீதான் கொஞ்சமாக இருந்தது. பக்கத்தில் ஆந்திராவிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம். வீட்டுப் பெரியவர் எங்கள் காரைக் காட்டித் தெலுங்கில் மனைவியிடம் நீளமாக ஏதோ சொன்னார். தறிக்காரத் தெலுங்குக் குடும்பங்களோடு பழகிய கோமதிக்கு அது புரிந்தது. அடுத்த வண்டி டீசல்தான், அதை நீ ஓட்டு, நான் பின்னால் படுத்துத் தூங்குகிறேன் என்றாராம். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்டேன். இப்போது மட்டும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தணிகாசலம் தள்ளி நின்று போனில் பேசினார். யாகூப் பாயிடம். ஜரிகை வியாபாரி, பெரிய காஞ்சிபுரத்தில் கடை. இந்தக் காரின் மேல் ரொம்ப நாளாகவே அவருக்கு ஒரு கண். விளக்கு எரிகிறது என்பதால் யோசித்துக்கொண்டிருந்தவர். விளக்கு அணைந்துவிட்டது, நாளைக்கு வந்து ஏறிப் பாருங்கள் என்று இவர் சொல்வது எங்கள் காதிலும் விழுந்தது. கோமதி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். வீடு வரும்வரை அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். இறங்கியதும் சாவியைத் தணிகாசலத்தின் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மாகறல் போக வேண்டியிருந்தது. அம்மனுக்கான புடவை அங்கே ஒரு வீட்டில் தறியிலிருந்து அறுபட்டுத் தயாராக இருந்தது. யாகூப் பாயும் அதே வண்டியில் வந்து பார்ப்பது என்று ஏற்பாடு. தலையில் வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை, கையில் எனக்கென்று ஒரு மக்கன் பேடா பொட்டலம். ஆற்காட்டில் உறவினர் வீட்டுக்குப் போனபோது வாங்கியதாம். குலாப் ஜாமூனின் வயிற்றில் முந்திரியும் பாதாமும் வைத்த மாதிரி இருந்தது. இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. அதுவே ஒரு சங்கடம்.

கோமதி ஓட்டுவதைப் பார்த்து பாய் ஒரு கணம் தயங்கினார். பிறகு பின்னால் தணிகாசலத்தின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது ஏசி எப்படி, மைலேஜ் எப்படி என்று விசாரித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் தணிகாசலம் டார்க்கில் தொடங்கிப் பதில் சொன்னார்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. மாகறலுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன லோடு வண்டி, எதிரே வந்த பேருந்துக்கு வழிவிடப்போய்ச் சாலையோரச் சேற்றில் பின் சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. மேலே கல்யாணத்துக்குப் போகும் ஜெனரேட்டர். ஓட்டுநர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் ஆழமாகத் தோண்டியது. மாலை ரிசப்ஷன், மண்டபத்தில் லைட் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது என்று அவர் கிட்டத்தட்ட அழுதார்.

இழுத்து விடலாம் என்று தணிகாசலம் சொன்னார். அவர் ஓட்ட முடியாது, நான் ஓட்டக் கூடாது, பாய்க்கு ஸ்கூட்டர் மட்டுமே பழக்கம், காருக்கு ஆள் வைப்பதாக இருந்தார். எல்லாரும் கோமதியைப் பார்த்தார்கள்.

லோடு வண்டியில் கிடந்த கயிற்றை மாட்டி, எங்கள் வண்டியைக் கெட்டியான தார்ச் சாலையில் நிறுத்தினோம். முதல் தடவை கோமதி பதற்றத்தில் நன்றாக மிதித்துவிட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டாள். தொய்ந்து கிடந்த கயிறு வெடுக்கென்று இழுபட்டு அறுந்தது. லோடு வண்டியின் சக்கரம் வாரியிறைத்த சேறு முழுவதும் வேடிக்கை பார்த்த பாயின் வெள்ளைச் சட்டையில். கிளட்ச் கருகிய வாசனை வந்தது. கோமதி இன்ஜினை அணைத்தாள். வேண்டாம்க்கா, வேற யாராவது வருவாங்க என்றாள்.

கயிற்றை நாலாக மடித்துக் கட்டினோம். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நான் ஜன்னலோரம் நின்று அவளிடம் சொன்னேன், நேற்று தெருவிலிருந்து கிளம்பிய மாதிரிதான். முதலில் கயிறு விறைக்கட்டும், அப்புறம் லேசாக மிதி, அவசரம் வேண்டாம். அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். கயிறு மெல்ல விறைத்தது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்தது, கத்தவில்லை. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜெனரேட்டரோடு அந்த வண்டி, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட எருமை மாதிரி, சேற்றிலிருந்து எழுந்து வந்தது.

லோடு வண்டிக்காரர் கோமதியைக் கும்பிட்டார். தணிகாசலம் மாவுக்கட்டு இருப்பதை மறந்து கை தட்டி, வலியில் அப்படியே உட்கார்ந்தார். பாய் சேற்றுச் சட்டையோடு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"வண்டி எனக்குத்தான் தணிகாசலம். வேற யார்கிட்டயும் பேச்சு வெச்சுக்காதபா" என்றார்.

கோமதி இவ்வளவு நன்றாக ஓட்டியதன் பலன், வண்டி விலைபோய்விட்டது. அவள் கீழே இறங்கிக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு சுருட்டினாள்.

மாகறலில் புடவையைப் பார்த்தோம். அரக்கு உடல், பச்சைக் கரை. குழுவில் பாதிப் பேருக்காவது பிடிக்கும். அதை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது பாய் என் பக்கம் வந்து உட்கார்ந்தார். தணிகாசலமும் அங்கேதான் நின்றார்.

"நீங்க பஸ் ஓட்றவங்கமா. வண்டியப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? நியாயமா சொல்லுங்க, இது எனக்குச் சரிப்படுமா?"

தணிகாசலம் என்னைப் பார்த்தார். அவர் வீட்டில் தங்கி, அவர் மனைவி கையால் மூன்று வேளையும் சாப்பிடுகிறவள் நான். நல்ல வண்டி என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் கேட்டது அதுவல்ல. கடைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாயிடம் கேட்டேன். இரண்டு தெரு என்றார். வெளியூர்ப் பயணம்? வருடத்துக்கு ஒருமுறை ஆற்காடு. அப்படியானால் இந்த வண்டி உங்களிடம் மறுபடி அடைத்துக்கொள்ளும் பாய், இதற்கு வாரத்தில் ஒரு நாளாவது நீண்ட ஓட்டம் வேண்டும், உங்களுக்குச் சின்னப் பெட்ரோல் கார் போதும் என்றேன்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு தணிகாசலத்தின் தோளைத் தொட்டு, மனசில வெச்சுக்காதபா, சும்மா கட்டிப் போட்றதுக்கு எனக்கு எதுக்கு யானை என்றார்.

திரும்பி வந்து பாயைக் கடை வாசலில் இறக்கிவிட்ட பிறகு, ஏசி ஓடும்போதே தணிகாசலம் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டார். வீட்டில் எனக்கு இலை போட்டார்கள். அவர் பிறகு சாப்பிடுகிறேன் என்று தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். கோமதி அவர் பின்னாலேயே போனாள். தம்பி தறி நெய்யும் சத்தம் நின்றது. அவர்கள் பேசியது எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டது. இட்லிக்கும் நெடுஞ்சாலைக்கும் வடிகட்டிக்கும் உள்ள உறவை அவள் விளக்கிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். தறிச் சத்தம் மறுபடி தொடங்கியபோது தணிகாசலம் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னது தப்பில்ல அண்ணி. என் எதிர்ல சொன்னீங்க பாருங்க, அதான் ஒரு மாதிரியா ஆயிடுச்சு" என்றார்.

பாய் என்னை உங்கள் எதிரில்தானே கேட்டார் என்றேன். யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, எனக்கும் இலை போடு என்றார். மண்டபத்துக்காரரிடம் திங்கட்கிழமை பேசலாம் என்று கோமதியிடம் சொன்னதும் சாப்பாட்டின் நடுவில்தான், ரசத்துக்கும் மோருக்கும் இடையில், பெரிய விஷயமில்லை என்பதைப் போல. கோமதி மோரை எனக்கு இரண்டு முறை ஊற்றினாள்.

ஞாயிறு மதியம் எனக்கு விமானம். கோமதிதான் ஓட்டினாள். பொன்னேரிக்கரையில் ஏறியதிலிருந்து பூந்தமல்லி வரை தணிகாசலம் ஒரு தடவைகூட இல்லாத பிரேக்கை மிதிக்கவில்லை; நடுவில் கொஞ்சம் தூங்கினார்கூட. நகரத்துக்குள் நெரிசலில் ஊர்ந்தபோது, கிளட்சிலேயே விடும்மா, அதுவா போவும் என்று யோசனை சொன்னார். கோமதி என்னைப் பார்க்காமல் சிரித்தாள்.

விமான நிலைய வாசலில் நிற்க விடவில்லை. காவலர் விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. நான் இறங்கினேன், தணிகாசலம் இறங்கி ஒரு கையால் பெட்டியை இறக்கினார், பட்டுப்புடவைப் பை என் தோளில். கண்ணாடியைத் தட்டி எடு எடு என்று காவலர் விரட்டியதில், பின்கதவு மூடிய சத்தம் கேட்டதுமே கோமதி வண்டியை எடுத்துவிட்டாள். டர்போவுக்கான இடைவெளியையும் சரியாகக் கணக்கிட்டு, சுத்தமாக ஒரு வளைவு போட்டு, வாடகைக் கார்களுக்கு நடுவில் புகுந்து போய்விட்டாள். கணவர் ஏறிக்கொண்டார் என்று நினைத்துவிட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் நடைபாதையில் நின்றோம். அவர் செல்போன் காரிலேயே இருந்தது. என் போனில் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணி. ஓட்டறப்ப போன் எடுக்கக் கூடாது" என்றார். அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டே, கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, சாவகாசமாகத் தூணில் சாய்ந்தார். "எப்டி எடுத்தா பாத்தீங்களா? ஒரு ரவுண்டு சுத்திக்கினு வரட்டும்."